மாலை கழற்றிய மறுநாள்

"பேரு மட்டும் போட்டுறாத தம்பி. மத்தத நடந்தது நடந்தபடி எழுது" என்று சித்தப்பா சொன்ன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். சித்தப்பாவின் குடியைப் பற்றி ரொம்ப நாளாக மனசில் கிடப்பது. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது சித்தப்பாவின் தோப்பில் எழுபது சொச்சம் தென்னை நின்றது. விடிந்து பார்த்தால் ஒன்பது. மறுநாள் கார்த்திகை ஒன்று. வருஷா வருஷம் அன்றைக்கு சபரிமலைக்கு மாலை போடுகிறவர் அந்த வருஷம் போடவில்லை. சாய்ந்த மரங்களுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூட்டிவரவே சாயங்காலம் ஆகிவிட்டது. மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் வந்தது, வாங்கினார். கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். அவருக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது.

அதற்கு முன்னால் அவர் குடிக்கவே மாட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் உண்டு. புயலுக்குப் பிறகு ராத்திரி தூங்குவதற்கு ஒரு குவார்ட்டர் என்று தொடங்கியது. ஆறே மாதத்தில், காலையில் கை நடுக்கம் நிற்பதற்கு ஒரு கட்டிங் வேண்டும் என்று ஆகிவிட்டது.

அடுத்த கார்த்திகையில் எல்லாரும் சேர்ந்து வற்புறுத்தி மாலை போட வைத்தோம். மாலை போட்டால் தொட மாட்டார், அப்படியே விட்டுவிடுவார் என்று நம்பிக்கை. இரண்டாம் நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் பஜனை. சூடத்தட்டு அவர் கையில் நிற்கவில்லை. சட்டை நனைகிற மாதிரி வியர்வை. "சுவத்துல எறும்பு ஊறுதுடா, யாராச்சும் மண்ணெண்ணெய் ஊத்துங்க" என்றார். சுவரில் ஒன்றுமே இல்லை. அடுத்த கால் மணி நேரத்தில் வலிப்பு. யாரோ ஓடிப்போய் ஒரு சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். யாரோ "தீட்டுப் பட்டிருக்கும், சாமி குத்தம்" என்றார்கள். சித்தி அந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

சாமி குத்தமும் இல்லை, தீட்டும் இல்லை. மாதக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். மதுவின் மந்தத்தைச் சமாளிக்க மூளை தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கிறது. மது திடீரென்று இல்லாமல் போனால் அந்த முறுக்கு அடங்க வழியில்லாமல் நடுக்கம், வலிப்பு, பிரமை என்று வெளியே வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். ஆஸ்பத்திரியில் சேர்த்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, நடுக்கத்துக்கான மாத்திரையைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் கடந்துவிடலாம். இதை எங்களுக்குச் சொன்னது அன்று ராத்திரி டூட்டியில் இருந்த ஒரு சின்ன வயது டாக்டரம்மா. உங்கள் வீட்டில் தினமும் குடிக்கிறவர் யாராவது "நாளையிலேருந்து தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மாலை போடுவதற்கும் கோயிலில் கயிறு கட்டுவதற்கும் முன்னால் அது நடக்க வேண்டும்.

இன்னொன்று. பேருந்து நிறுத்தச் சுவர்களில் "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று ஒட்டியிருப்பார்களே, அதையும் சித்தி வாங்கிக் கலந்தார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆபத்தாகலாம். அதனால் நோயாளிக்கு எல்லாவற்றையும் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுப்பார்கள். அதை ஒருத்தர் சோற்றில் தெரியாமல் கலப்பது அவர் உயிரோடு விளையாடுகிற காரியம். சித்தியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு வழி காட்ட அந்தச் சுவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

2022இல் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். முதல் மாதம் பார்க்கக்கூடாது, போன் பேசக்கூடாது என்றார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டினோம். திரும்பி வந்தபோது முதுகில் தழும்பு. அடித்திருக்கிறார்கள். வந்த மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனார். "என்ன மாமா, ரிலீஸா? எத்தன நாளைக்கு?" என்று ஒருத்தன் கேட்டான். கடையே சிரித்தது. பதினோராம் நாள் ஒரு துக்க வீடு. பறை முழங்குகிறது, பந்தலுக்குப் பின்னால் பெட்டி பிரிக்கிறார்கள். "ஒரு நாளைக்குத்தானே" என்று ஊற்றிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, அவரைக் குடியை விடச்சொல்லி என்னிடமே பேசிய பங்காளிதான்.

ஊரில் எல்லாரும் சொன்னது: "அவன் திருந்த மாட்டான்." நானும் சொன்னேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறு வருஷம் கோடையில்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். ஓ.பி. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தூணுக்குப் பின்னால் நின்றார். உள்ளே போனதும் டாக்டர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று முதலில் கேட்கவில்லை. "தூக்கம் எப்பலேருந்து இல்லீங்க?" என்று கேட்டார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கஜாவுலேருந்து" என்றார். "காத்து சத்தம் கேட்டா மரம் முறியிற மாதிரியே இருக்குங்க. எந்திரிச்சுப் போயி மிச்சம் ஒம்போதும் நிக்குதான்னு பாத்துட்டு வருவேன்."

ஐந்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவன் நான். ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை. ஏன் குடிக்கிறீர்கள் என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

மனச்சோர்வுக்கும் குடிநோய்க்கும் சேர்த்தே மருந்து ஆரம்பித்தார்கள். ஒன்றை விட்டு ஒன்றுக்குப் பார்த்ததால்தான் இத்தனை வருஷம் போயிற்று என்பது என் எண்ணம். டாக்டர்கள் "குடிகாரர்" என்று சொல்வதில்லை, "குடிநோயாளி" என்கிறார்கள். ஆரம்பத்தில் எனக்கு அது பூசி மெழுகுகிற வார்த்தையாகப் பட்டது. சர்க்கரை நோயாளி ஒரு நாள் லட்டு தின்றால் வைத்தியத்தை நிறுத்திவிடுகிறோமா என்று அங்கே நர்ஸ் ஒருவர் கேட்ட பிறகு அப்படித் தோன்றவில்லை.

வாராவாரம் வியாழக்கிழமை வரச்சொன்னார்கள். இரண்டு பேருந்து மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் தொடங்கிய திட்டத்தில் சித்தியின் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அந்தத் திட்டத்தை நான் மனசாரப் பாராட்டுகிறேன். அதே வாசலில் நிற்கிற தன்னார்வலரிடம் "தூக்கம் வருதாண்ணே? கை நடுங்குதா?" என்று இரண்டு கேள்வியும் இவருடைய மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினால் எத்தனை வியாழக்கிழமைக் கூலி மிச்சமாகும்!

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. புதுக்கோட்டையில் 2010லேயே சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு ஒரு பேருந்தைக் கிராமம் கிராமமாக ஓட்டியது. அதில் உட்கார்ந்து திரையில் சென்னை டாக்டரிடம் பேசலாம், மருந்தை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். காட்டுமன்னார்கோயில் பக்கம், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப்பொதுவில் பூட்டுப் பெட்டிகளில் வைத்து எடுக்கும் முறையை சென்னையின் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு செய்து பார்த்தது. அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சித்தி யாரும் சொல்லாமலே எங்கள் வீட்டுப் பூச்சிமருந்து டப்பாவை அடுத்த தெரு அத்தை வீட்டில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தார்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது மஞ்சக்குடி. எங்கள் திருவாரூர் மாவட்டத்திலேயே, குடவாசல் பக்கம் இருக்கிற ஊர். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே குடிநோய் மருத்துவமனைக்காரர்கள், அந்தக் கிராமத்திலேயே 15 நாள் முகாம் போட்டு வைத்தியம் பார்த்தார்கள். நோயாளியைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போகாமல் டாக்டரும் ஆலோசகரும் ஊருக்கு வந்தார்கள். வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்துப் பேசினார்கள். வைத்தியம் நடப்பதை ஊர் பார்த்தது. குணமாகி வருகிறவரை "ரிலீஸா?" என்று கேட்க அந்த ஊரில் யாருக்கு வாய் வந்திருக்கும்?

நான் சொல்ல வருவது இதுதான். மருந்து கொடுக்க டாக்டரால் முடியும். அதற்குப் பிறகான நாளெல்லாம் ஊர் கையில்தான் இருக்கிறது. அதை எப்படிச் செய்வதென்று ஊருக்கு ஏற்கெனவே தெரியும். மாலை போட்டவரை யோசித்துப் பாருங்கள். அவரைப் பேர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. பெண்டாட்டியே "சாமி, சாப்பிட வாங்க" என்கிறார். நேற்றுவரை தோளில் கை போட்டுக் கடைக்குக் கூப்பிட்டவன், கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிப் போகிறான். காலையில் குளியல், சாயங்காலம் பஜனை என்று குடிக்கிற நேரத்துக்கு அவருக்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு நாள் வரவில்லை என்றால் குருசாமி வீட்டுக்கே வந்து விசாரிக்கிறார். ரமலான் மாதத்திலும், தவக்காலத்திலும், வேளாங்கண்ணிக்கு நடக்கிற நாட்களிலும் இதே கட்டுப்பாட்டை நம் ஊர்களில் பார்த்திருக்கிறேன். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். குடித்தவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் மரியாதையோடு கேட்டு, இன்றைக்கு ஒரு நாளைக் கடத்துகிறார்கள்.

நாற்பத்தெட்டு நாள் இதெல்லாம் செய்கிற நாம், மாலை கழற்றிய மறுநாள் பழைய பேரையும் பழைய கூட்டாளியையும் பாட்டிலையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். எல்லாத் தொலைக்காட்சியிலும் கடையை மூடு, மூடாதே என்று சண்டை. கடையைக் குறைக்கத்தான் வேண்டும், எனக்கு அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் நாளைக் காலையில் கை நடுங்க எழுந்து "எனக்கு இது வேண்டாம்" என்று நினைக்கிற ஒரு ஆள் எங்கே போவார் என்று அந்த இரண்டு வாரத்தில் ஒரு விவாதத்திலும் நான் கேட்கவில்லை. அவருக்காகச் சொல்கிறேன்: 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். சித்தியும் ஒரு ராத்திரி பேசியிருக்கிறார். குடிக்கிறவரின் வீட்டுக்காரர்களுக்கும் அந்த எண் உதவும்.

சித்தப்பா நடுவில் இரண்டு தடவை வழுக்கினார். இரண்டு தடவையும் டாக்டர் திட்டவில்லை, மருந்தைச் சரிசெய்து அடுத்த வியாழன் வரச்சொன்னார். இப்போது குடிக்காமல் பதினான்கு மாதம். இந்தத் தடவை முறையாக டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மாலை போட்டு, மாத்திரையையும் இருமுடியோடு எடுத்துக்கொண்டு மலைக்குப் போய் வந்தார். மாலை கழற்றிய அன்று குருசாமி அவருடன் போன எட்டுப் பேரையும் நிறுத்தி வைத்து ஒரு ஏற்பாடு சொன்னார். துக்க வீடு, கல்யாண வீடு எதுவானாலும் இவர் தனியாகப் போகக்கூடாது, கூட ஒருத்தர் போக வேண்டும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஆளுக்கு ஒரு வாரம் வண்டியில் கூட்டிப்போக வேண்டும். பங்காளியும் அந்த எட்டுப் பேரில் ஒருத்தர். அவர்தான் முதல் வாரம் போனார். டீக்கடையில் இன்னும் "சாமிக்கு ஒரு டீ" என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். சித்தப்பா முதலில் கூச்சப்பட்டார், இப்போது பழகிவிட்டது.

மாதம் ஒரு நாளாவது மனநல மருத்துவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும் என்று அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை, ஜனவரி 26 அன்று மறுபடி கேட்போம். உங்கள் ஊரிலும் யாராவது கேட்டால் எங்கள் மனுவின் நகலை அனுப்புகிறேன், உள்பெட்டிக்கு வாருங்கள்.

நாளை வியாழன். எட்டுப் பேரோடு நானும் பேர் கொடுத்திருக்கிறேன், இந்த வாரம் என் முறை. ஓ.பி. சீட்டு எட்டு மணிக்குக் கொடுக்க ஆரம்பிப்பார்கள், ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.