தாத்தா இறங்கிய சைக்கிள்

மலேசியாவில் பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் எங்கள் தாத்தா பால்மரம் வெட்டிய காலத்தில், எதிரே வெள்ளைக்காரத் துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வந்தாலும் அதே கதைதான். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூலி உயர்வோடு, இனிமேல் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். முன்னின்ற ஆர்.எச். நாதனைப் பிரிட்டிஷார் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துரைகளும் போய்ச் சேர்ந்தார்கள். தாத்தாவுக்குத்தான் பழக்கம் போகவில்லை. நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன், ஆபீஸ் ஜீப்பைக் கண்டதும் அவர் கால் தானாகத் தரைக்கு வந்துவிடும்.

போன மாதம் சபையில் ஜெப வேளையில் ஒரு பையன் எழுந்தான். தோட்டத்து லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது, ஆபீசுக்குப் போகும்போது பெரியவர்கள் யாராவது கூட வாருங்கள் என்று கேட்டான். "தாழ்மையா இரு தம்பி, கர்த்தர் பாத்துக்குவாரு" என்று ஒருவர் சொன்னார். நாலைந்து பேர் ஆமென் போட்டோம். நானும் போட்டேன்.

எனக்குத் தாத்தாவின் கால்தான் ஞாபகம் வந்தது. அவர் இறங்கியது தாழ்மையா? பயம் ஐயா, வெறும் பயம். அதற்கு நாம் வேத வசனத்தைப் போர்த்தி வைத்திருக்கிறோம்.

பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்போம்! "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து." அந்தத் 'தாமே'யில் யாரும் நிற்பதில்லை. இயேசுவை யாரும் வெறுமையாக்கவில்லை, அவரே இறங்கினார். யோவான் 13ல் சீஷர்களின் காலைக் கழுவ எழுந்திருக்கும் முன் என்ன எழுதியிருக்கிறது? பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்தார் என்று அறிந்துதான் துண்டை எடுத்து அரையில் கட்டுகிறார். தான் யார் என்று தெரிந்தவர் குனிகிற குனிவு அது. கிராணியைப் பார்த்துக் குனிந்தது வேறு.

இன்னொன்று. அந்த நிருபத்தை எழுதிய பவுலை அதே பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னபோது, நாங்கள் ரோமர்கள், "அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்றார் மனுஷன் (அப்போஸ்தலர் 16). வந்தார்கள், கெஞ்சி அழைத்துப் போனார்கள். தாழ்மையைப் போதித்த ஆள்தான் இப்படி நின்றார். அந்தப் பையனிடம் இதை யார் வாசித்துக் காட்டினோம்?

சரி, ஊருக்கு உபதேசம் போதும். என் கதைக்கு வருகிறேன்.

அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல், சாப்பாடு, ஒலிபெருக்கி எல்லாம் நான் ஓடியாடிச் செய்தேன். நன்றி சொல்லும்போது என் பெயரை விட்டுவிட்டார்கள். எல்லா மகிமையும் தேவனுக்கே என்று வாயால் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கமிட்டிக் கூட்டத்துக்கே போகவில்லை. ஒப்புக்கொடுத்தல் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பணத்தை, நேரத்தைக் கொடுத்துவிடலாம். நாலு பேர் பார்க்க வேண்டும் என்கிற ஆசை இருக்கிறதே, அதுதான் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அதைத் திருத்திக்கொள்ள நான் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் சபைக் கக்கூசை வாராவாரம் கழுவுவது ஒரு பாட்டி. முப்பது வருஷம் பால் வெட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு நானே தேய்க்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஒரு படமும் எடுக்கச் சொன்னேன். இங்கேதான் போட்டேன், நிறையப் பேர் விருப்பம் போட்டிருந்தீர்கள்.

பாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லாமல் கேட்டார்:

"படம் எடுத்தாச்சா தம்பி? அப்ப பிரஷ்ஷக் குடு, இன்னும் ரெண்டு கக்கூசு இருக்கு."