கோழிக் கருவையும் குடல் கட்டியையும் ஒரே வகுப்பில் வைத்துப் பேசுவோம்

இளங்கலையில் விலங்கியல் படித்த எவரும் 48 மணி நேரக் கோழிக் கருவின் சிலைடை மறந்திருக்க மாட்டார்கள். இளஞ்சிவப்புச் சாயமேறிய அந்தக் கருவில் தலை ஒரு பக்கமாக வளைந்திருக்கும்; அதற்குக் கீழே இதயம் முறுக்கிய குழாயாகத் தெரியும்; முதுகின் இருபுறமும் உடற்கண்டங்கள் கோத்த மணிகளைப் போலச் சோடி சோடியாக நிற்கும். சென்ற மாதம் செய்முறை வகுப்பில் அதை வரைந்துகொண்டிருந்த ஒரு மாணவி தலை நிமிர்ந்து கேட்டாள்: "இதை வரைந்து பாகம் குறித்து என்ன ஆகப் போகிறது, மேடம்? இந்த நேரத்துக்குப் புற்றுநோயைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தால் வீட்டில் போயாவது சொல்லலாம்." அவளுடைய பெரியம்மா பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருகிறார் என்பது எனக்குத் தெரியும்.

அவள் கேட்டதில் தவறில்லை. தவறு எங்களிடம் இருக்கிறது. கருவளர்ச்சியை ஒரு பருவத்தில் நடத்துகிறோம். புற்றுநோயை வேறொரு பருவத்தில், வேறொரு தாளில், காரணிகள், வகைகள், சிகிச்சைகள் என்று பட்டியலாக நடத்துகிறோம். ஒரு செல் பக்கத்துச் செல்லுக்குப் புரதத்தின் வழியாகச் செய்தி அனுப்புவதும், அச்செய்தி உட்கருவரை சென்று மரபணுக்களை இயக்குவதும் இரண்டிடத்திலும் ஒன்றே என்பதை மாணவர்கள் தாமாகக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலானோர் கண்டுகொள்வதில்லை.

செல்கள் இப்படிச் செய்தி கடத்தும் வழிகளான சமிக்ஞைப் பாதைகளுள் முதன்மையான ஒன்றின் கதை நம் நாட்டிலும் தொடங்குகிறது. 1973-இல் புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.பி. சர்மா, பழ ஈக்களில் தாம் கண்ட ஒரு திடீர்மாற்றத்தைப் பற்றிச் சிறு குறிப்பொன்று வெளியிட்டார். அந்த ஈக்களில் சிலவற்றுக்கு ஓர் இறக்கை இல்லை. சிலவற்றுக்கு இரண்டுமே இல்லை. இறக்கை முளைக்க வேண்டிய இடத்தில் மார்பின் முதுகுப்புறம் இன்னொரு முறை உருவாகியிருந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் 'விங்லெஸ்', அதாவது இறக்கையற்றது. 1976-இல் வி.எல். சோப்ராவுடன் இணைந்து அதை விரிவாக எழுதினார். அந்த ஈயைப் பார்த்து அன்று யாரும் புற்றுநோயை நினைத்திருக்க முடியாது.

1982-இல் சான் பிரான்சிஸ்கோவில் ரோல் நுசேயும் ஹெரால்டு வார்மஸும் முற்றிலும் வேறொரு கேள்வியோடு சுண்டெலிகளின் பால்சுரப்பிக் கட்டிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அக்கட்டிகளை உண்டாக்கும் வைரஸ், குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் அருகே திரும்பத் திரும்பப் போய் ஒட்டிக்கொண்டு அதை ஓயாமல் இயங்க வைப்பதைக் கண்டார்கள். அதற்கு 'இன்ட்-1' என்று பெயரிட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987-இல், எலியின் இன்ட்-1 மரபணுவுக்கு ஈயில் இணையானது எது என்று தேடியபோது கிடைத்தது விங்லெஸ். ஈயில் இறக்கை வளரும் இடத்தைக் குறித்துக்கொடுக்கும் மரபணுதான் எலியில் வேளை தவறி இயங்கிக் கட்டியாகியிருந்தது. இரண்டு பெயர்களையும் சேர்த்து 1991-இல் அந்த மரபணுக் குடும்பத்துக்கு 'விண்ட்' என்று பெயர் வைத்தார்கள். முப்பத்தைந்து பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் குரல் கம்மிவிடுகிறது.

அடுத்த வகுப்பில் கரும்பலகையில் ஓர் ஓட்டைப் பானையை வரைந்தேன். செல்லுக்குள் பீட்டா கேட்டனின் என்ற புரதம் எப்போதும் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. அது பானைக்குள் விழும் தண்ணீர். ஏபிசி, ஆக்சின் முதலிய புரதங்கள் கூட்டாகச் சேர்ந்து அதை உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிவிடுகின்றன, அதுதான் ஓட்டை. விண்ட் சமிக்ஞை வந்து செல்லின் மேற்பரப்பைத் தொடும்போது யாரோ விரலால் ஓட்டையை அடைத்ததுபோல் ஆகிறது. தண்ணீர் ஏறுகிறது, பீட்டா கேட்டனின் உட்கருவுக்குள் நுழைந்து, பெருகு என்று சொல்லும் மரபணுக்களை இயக்குகிறது. சமிக்ஞை நின்றால் விரல் எடுபடும், தண்ணீர் வடிந்துவிடும். கருவில் இந்த அடைப்பும் திறப்பும் இடமறிந்து, நேரமறிந்து நடக்கின்றன.

குடலில் இது நம் ஆயுள் முழுவதும் நடக்கிறது. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. சுவரிலுள்ள நுண்ணிய குழிகளின் அடியில் ஸ்டெம் செல்கள் விண்ட் சமிக்ஞையைப் பெற்றுப் பெருகுகின்றன. அவற்றின் வழிவந்த செல்கள் மேலே ஏற ஏறச் சமிக்ஞை குறைந்து, பெருகுவதை நிறுத்தித் தத்தம் வேலைக்குப் போகின்றன. ஏபிசி மரபணு கெட்டுப்போன செல்லில் ஓட்டை நிரந்தரமாக மூடிக்கொள்கிறது. மேலே ஏறிய பிறகும் அந்தச் செல், தான் இன்னும் அடியில் இருப்பதாகவே எண்ணிப் பெருகுகிறது. பழுதான ஏபிசி மரபணு ஒன்றோடு பிறப்பவர்களுக்கு இளம் வயதிலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்கள், அதாவது சிறு சதை வளர்ச்சிகள், தோன்றுவதும், பரம்பரையாக வராத பெருங்குடல் புற்றுநோய்களிலும் பெரும்பாலானவற்றில் இதே மரபணு பழுதாகியிருப்பதும் இதனால்தான். பாலிப் புற்றாக மாற மேலும் சில மரபணுக்கள் கெட வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் சோதனை) செய்து பாலிப்பை அகற்றிவிட முடியும் என்பதையும் சொன்னேன்.

"அப்படியென்றால் பெரியம்மாவுக்கு வெளியிலிருந்து எதுவும் வரவில்லையா, மேடம்? உள்ளே இருந்ததுதான் நிற்காமல் போய்விட்டதா?" என்று அவள் கேட்டாள். ஆம் என்றேன். அந்தக் கேள்வியைப் பாடத்திட்டம் கேட்க வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் அந்தப் பாதையை மருந்தால் அடைத்துவிடலாமே என்ற கேள்வி அடுத்து வரும். விண்ட் பாதையை அடைக்க முயன்ற சில மருந்துகளின் சோதனைகளில் நோயாளிகளின் எலும்புகள் பலவீனமாயின, ஏனெனில் எலும்பைக் காப்பதும் அதே சமிக்ஞைதான். இன்னொரு பாதையில் வெற்றி கிடைத்திருக்கிறது, அதற்கும் விலை உண்டு. 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செம்மறிக் குட்டிகள் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு பிறந்தன. சினையுற்ற 14-ஆம் நாளில் தாய் ஆடு மேய்ந்த ஒரு காட்டுச் செடியே காரணம் என்று வேளாண் துறை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதிலுள்ள சைக்ளோபமைன் என்ற வேதிப்பொருள், முள்ளெலியின் பெயரைத் தாங்கிய 'ஹெட்ஜ்ஹாக்' சமிக்ஞையைத் தடுக்கிறது என்பது 1998-இல்தான் தெரிந்தது. அதுவும் ஈயின் கருவில் கண்டறிந்து பெயரிடப்பட்ட மரபணு. அந்த ஆய்வுக்காக கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் 1995-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தோல் புற்றுநோய் வகைகளுள் ஒன்றான அடித்தோல் செல் புற்றுநோயில் ஓயாமல் இயங்குவது இதே ஹெட்ஜ்ஹாக் பாதை. அதைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்துக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறுவை சிகிச்சைக்கு எட்டாத கட்டிகளையும் அது சுருக்குகிறது. அதை உட்கொள்வோருக்கு முடி உதிர்கிறது, நாக்கில் சுவை மறைகிறது, தசைப்பிடிப்பு வருகிறது. மயிர்க்கால்களும் சுவை மொட்டுகளும் வளர்ந்த உடலிலும் அந்தச் சமிக்ஞையை நம்பியே புதுப்பித்துக்கொள்கின்றன. கருவுற்ற பெண்கள் இம்மருந்தை எடுக்கவே கூடாது என்ற கடும் எச்சரிக்கை அதன் உறையில் கட்டம் கட்டி அச்சாகியிருக்கிறது. ஐடஹோவின் ஆட்டுக்குட்டியை அறிந்த மாணவருக்கு அந்த எச்சரிக்கையின் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

புற்றுநோயை அழித்தொழிக்க வேண்டிய அந்நியப் பகையாகவே மேடைகளில் பேசுகிறார்கள். நோயாளிக்கு அது மனத்திடம் தரலாம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கு அது போதாது. நல்ல செல்லும் கெட்ட செல்லும் ஒரே செய்தியைக் கொண்டே இயங்குவதால்தான் மருந்து கண்டுபிடிப்பது இத்தனை கடினமாக இருக்கிறது என்பதை அவர்கள் இருபது வயதில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பருவம் முதல் கருவளர்ச்சித் தாளை நடத்தும்போது ஒவ்வொரு சமிக்ஞைக்கும் பக்கத்தில் அது தடம் மாறும் புற்றுநோயையும் சேர்த்தே நடத்துகிறேன். எங்கள் ஆய்வகப் பெட்டியில் 24, 33, 48, 72 மணி நேரக் கோழிக் கருக்களின் சிலைடுகள் இருக்கின்றன. குடல் பாலிப்பின் சிலைடு ஒன்றுகூட இல்லை. மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல் துறையில் பணியாற்றும் நண்பர்கள், நோயாளியின் அடையாளம் எதுவுமின்றிக் கற்பித்தலுக்காக ஒரு சிலைடோ தெளிவான நுண்ணோக்கிப் படமோ தர இயலுமானால் உள்பெட்டியில் எழுதுங்கள். அடுத்த செய்முறை வகுப்பில் இரண்டையும் அருகருகே இரண்டு நுண்ணோக்கிகளில் வைக்க விரும்புகிறேன்.