பாஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) அடியில் சத்தம் உடைவதற்கு உப்புக்காற்று காரணமில்லை
குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று பட்டுத்தான் எம்பி3 பிளேயரில் பாட்டு கரகரக்கிறது, இயர்போனை மாற்றினால்தான் தீரும் என்று ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். உப்பு, இயர்போன் செருகும் ஜாக்கை அரிக்கும், சரிதான், ஆனால் அப்போது வயரை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வரும். தவில் அடி விழும் இடத்தில் மட்டும் உடைகிறது என்றால் பெரும்பாலும் ஈக்வலைசர்தான் (பாஸ் போன்ற ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) காரணம். பாஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதியில் ஒலி அலையின் உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, பாட்டு ஏற்கனவே உச்ச அளவில் பதிவாகியிருந்தால் அலையின் நுனி வெட்டுப்பட்டு அதுதான் கரகரப்பாகக் கேட்கும். செட்டிங்கில் ஈக்வலைசரை அணைத்துவிட்டு, அப்புறம் அதே இடத்தைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். தெளிவாக வந்தால் இயர்போனில் குறையில்லை, புதுசு வாங்க நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற வேண்டாம்.