சிங்க்வே தெர்ரே: கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்க்க வேண்டிய ஊர்கள்

இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் இருக்கும் சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களையும் ஒரே நாளில் 'முடித்துவிட்டதாக' எழுதப்படும் பதிவுகளைப் பார்க்கும்போது எனக்குச் சற்று எரிச்சல் வருவதுண்டு. மொந்தெரொஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே ஆகிய ஐந்தும் ரயிலில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சில நிமிடத் தொலைவில் இருப்பதால் அப்படி முடிப்பது எளிதுதான். ஆனால் அப்படி வந்து போகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே காட்சி: பாறைமேல் நெருக்கியடித்து நிற்கும் வண்ண வீடுகளும் கீழே நீலக் கடலும். கடந்த அக்டோபரில் என் கல்லூரித் தோழியுடன் ஒரு வார இறுதியை அங்கே கழித்த பிறகு இந்த விஷயத்தில் என் கருத்து உறுதிப்பட்டுவிட்டது. அந்த ஊர்களில் பார்க்க வேண்டியது வீடுகளுக்குப் பின்னால் எழும் மலைச்சரிவு. அதைக் காப்பதற்காக வருகிறவர்களிடம் காசு கேட்பதும் நியாயமே.

நான் மிலானில் வசிக்கிறேன். அவள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். மிலானிலிருந்து ஜெனோவா வழியாகச் செல்லும் ரயில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் மொந்தெரொஸ்ஸோவில் இறக்கிவிடும். ஜெனோவாவுக்குப் பிறகு வலப்பக்க ஜன்னலில் கடல் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் சுரங்கத்தின் இருட்டுத்தான் அதிக நேரம் வரும், இரண்டு இருட்டுக்கு நடுவே சில நொடிகள் கடல் தெரியும். ஜெனோவாவையும் லா ஸ்பெட்ஸியாவையும் இணைக்கும் இந்தப் பாதை 1874இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இந்த ஊர்களுக்கு மலைப்பாதையில் நடந்தோ படகிலோதான் வந்துசேர முடியும். வெர்னாட்ஸா, ரியோமஜோரே நிலையங்களில் நடைமேடையின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள்ளேயே இருப்பதைப் பார்த்தால், தட்டையான இடம் இங்கே எவ்வளவு அரிது என்பது புரிந்துவிடும்.

என் தோழி தூத்துக்குடிக்காரி. மனரோலாவின் படகுத்துறையில் நின்றுகொண்டு, நான் கைபேசியை எடுப்பதற்குள் அவள் கேட்ட முதல் கேள்வி, "இங்க வள்ளத்தை எங்கடி ஏத்துவாங்க?" என்பதுதான். கேட்டபடியே சுற்றிப் பார்த்து விடையையும் அவளே கண்டுபிடித்தாள். படகுகளைத் தூக்கி மேலே எடுக்க ஒரு பாரந்தூக்கி நிற்கிறது. தூக்கப்பட்ட படகுகள் ஊரின் தெருவில், வீட்டு வாசல்களுக்கு எதிரே, வண்டிகளைப் போல நிறுத்தப்பட்டிருக்கின்றன. கடலோடு வாழ்கிற ஊர் இப்படியா இருக்கும் என்பது அவளுடைய சந்தேகம். அது மிகச் சரியான சந்தேகம். சுற்றுலா விளம்பரங்கள் இவற்றை 'மீனவ கிராமங்கள்' என்று விற்கின்றன; கடலுக்குப் போன கணவன்மார் தூரத்திலிருந்தே தங்கள் வீட்டை அடையாளம் காண்பதற்காக வண்ணம் பூசினார்கள் என்ற கதையையும் வழிகாட்டிகள் சலிக்காமல் சொல்கிறார்கள். மீன்பிடித்தலும் இருந்தது, மறுக்கவில்லை. மொந்தெரொஸ்ஸோவில் இரவில் விளக்கு வைத்துப் பிடித்து உப்பிலிடும் நெத்திலி இன்றும் பெயர்பெற்றது. ஆனால் இந்த ஐந்து ஊர்களையும் நூற்றாண்டுகளாகத் தாங்கியது திராட்சை விவசாயம். கொர்னீலியாவுக்குத் துறைமுகமே கிடையாது. கடலிலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் ஒரு மலைமூக்கின்மேல் அது உட்கார்ந்திருக்கிறது; ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குப் போக 33 வளைவுகளில் ஏறத்தாழ 380 படிகள் ஏற வேண்டும்.

அந்த விவசாயம் நடந்த இடத்தைப் பார்த்தால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். கடலில் நேராகச் சரியும் மலையில் மண் நிற்காது. எனவே அங்கிருந்தவர்கள் மலையைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் மண்ணை நிரப்பி, ஒரு கொடிப்பந்தல் நிற்கும் அளவுக்கு அகலம் உண்டாக்கினார்கள். சுவரில் சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது. பெரிய கல்லின் மேல் கல்லைப் பொருத்தி, இடுக்குகளில் சில்லுக்கற்களைச் செருகி, பின்புறம் சிறு கற்களைக் கொட்டி விடுகிறார்கள். மழைநீர் அந்தச் சந்துகளின் வழியாகக் கசிந்து வெளியேறிவிடும். சாந்து பூசி அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, அதன் பாரம் சுவரைத் தள்ளிவிடும். இந்தச் சுவர்களை ஒன்றோடொன்று சேர்த்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் என்கிறார்கள். 1997இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியைப் பக்கத்து ஊரான போர்த்தோவேனெரேயோடும் மூன்று தீவுகளோடும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதைப் பண்பாட்டு நிலக்காட்சி என்ற வகையிலேயே சேர்த்தது. அதாவது மனித உழைப்பு வடித்த நிலம் என்பதற்காக. 1999இல் இது தேசியப் பூங்காவானது. 2018இல் சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையையே, இத்தாலியையும் சேர்த்து எட்டு நாடுகளின் பெயரில், யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் ஏற்றது. இத்தனைக்குப் பிறகும் நம் கைபேசிகள் வீட்டுச் சுவரின் இளஞ்சிவப்பு நிறத்தையே படம்பிடிக்கின்றன.

மறுநாள் காலை நாங்கள் மனரோலாவிலிருந்து வொலாஸ்த்ராவுக்கு ஏறினோம். மனரோலாவுக்கு நேர் மேலே, முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும் சிற்றூர் அது. பேருந்தும் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் அதில் ஏறிக்கொள்ளலாம். நாங்கள் கல் படிகளில் ஏறினோம், என் தோழி வழிநெடுகப் புலம்பினாள். வொலாஸ்த்ராவிலிருந்து கொர்னீலியா வரை செல்லும் பாதை திராட்சைத் தோட்டங்களின் ஊடாகவே போகிறது. ஒரு பக்கம் இடுப்பு உயரத்துக்குக் கல் சுவர், மறுபக்கம் அடுத்த படியின் விளிம்பு, அதற்குக் கீழே கடல். சில இடங்களில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். தோட்டங்களுக்கு நடுவே ஒற்றைத் தண்டவாளம் ஒன்று செங்குத்தாக ஏறிப் போகிறது; பல்சக்கரம் பொருத்திய சிறு எந்திர வண்டி அதில் பழக்கூடைகளை இழுத்துச் செல்லும். சில பத்தாண்டுகளுக்கு முன்புதான் இந்த வண்டிகள் வந்தன. அதற்கு முன்னால் அத்தனை பழமும், சுவர் கட்டுவதற்கான அத்தனை கல்லும் ஆண்களின் தோளிலும் பெண்களின் தலையிலும்தான் போயின. இந்தத் தகவலைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அந்தப் படிகளில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு மூச்சு வாங்க நின்று யோசிப்பது வேறு.

அக்டோபரில் போனதில் ஒரு லாபம் உண்டு. அறுவடை செப்டம்பரில் முடிந்துவிட்டாலும், ஷாக்கெத்ரா என்ற இனிப்பு ஒயினுக்காக ஒதுக்கிய குலைகள் அப்போதும் காற்றோட்டமான நிழலில் காய்ந்துகொண்டிருக்கும். பொஸ்கோ, அல்பரோலா, வெர்மெந்தினோ என்ற வெள்ளைத் திராட்சை வகைகளை வாரக்கணக்கில் வாடவிட்டு, கெட்ட பழத்தைக் கையால் பொறுக்கி எறிந்து, நவம்பர் வாக்கில் பிழிவார்கள். நீர் வற்றிய பழமாகையால் நூறு கிலோவுக்கு முப்பது லிட்டர் தேறினாலே பெரிது. அதனால்தான் அரைப் போத்தல் விலை கேட்டால் நமக்குத் தலை சுற்றுகிறது. ஒரு சிறு கோப்பை ஷாக்கெத்ரா விலையுயர்ந்தது என்று முகம் சுளிக்கிறவர்கள், அதே ஊரில் எங்கோ தயாரித்த காந்தப் பொம்மைகளை அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். மது அருந்தாதவர்களுக்குத் தேனும் எலுமிச்சைப் பழப்பாகும் அங்கே விளைந்தவையாகவே கிடைக்கும். அந்தச் சுவரைத் தாங்குவது அந்த மண்ணில் விளையும் பொருள்தான். அதை வாங்காமல் சுவரை மட்டும் ரசித்தால் சுவர் நிற்காது.

உண்மையில் பல இடங்களில் சுவர் நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லா ஸ்பெட்ஸியாவில் கடற்படைத் தளம் எழுந்ததும், ரயிலும் வந்துவிட, கல் சுமப்பதைவிட மாதச் சம்பளம் மேல் என்று ஆண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். பிறகு திராட்சை வேர்களைத் தின்னும் பூச்சி வந்தது, போர் வந்தது, இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள். இன்று விவசாயம் நடப்பது பழைய பரப்பில் ஒரு சிறு பங்கில்தான். வொலாஸ்த்ரா பாதையிலேயே, பராமரிக்கப்படும் தோட்டத்துக்கு அடுத்ததாக, புதரும் பைன் மரமும் மூடிப்போய், சுவர் வயிறு பிதுங்கிச் சரிந்துகிடக்கும் படிகளைக் காணலாம். கைவிடப்பட்ட படி தன்னோடு அடுத்த படியையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். 2011 அக்டோபர் 25ஆம் தேதி சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் வெர்னாட்ஸாவின் முதன்மைத் தெரு மண்ணும் கல்லுமாக நிறைந்து, கடைகளின் கதவுகள் புதைந்துபோயின, மொந்தெரொஸ்ஸோவும் சிதைந்தது, உயிர்களும் போயின. அன்று பெய்த மழைக்கு நல்ல சுவரும் முழுமையாகத் தாங்கியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பராமரிப்பற்ற சரிவுக்கும் நிலச்சரிவுக்கும் உள்ள உறவு அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்றல்ல.

எனக்கும் தோழிக்கும் சண்டை மூண்டது கட்டணத்தில்தான். முக்கியக் கடலோர நடைபாதைகளில் நடக்கப் பூங்காவின் அட்டை வாங்க வேண்டும். ரயிலையும் சேர்த்துக் கொண்ட அட்டை இன்னும் கூடுதல், அதன் விலையும் கூட்டமுள்ள நாட்களில் ஏறும். ரியோமஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் 'காதலர் பாதை' 2012 செப்டம்பரில் பாறை சரிந்து நான்கு ஆஸ்திரேலியப் பயணிகள் காயமடைந்ததால் மூடப்பட்டு, 2024 கோடையில்தான் முழுமையாகத் திறந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அந்தப் பாதையைச் சீராக்க இரண்டு கோடி யூரோவுக்கு மேல் செலவானது. இப்போது அதற்கு நேரம் குறித்து முன்பதிவு செய்து, அட்டைக்கு மேல் பத்து யூரோ தர வேண்டும். மலையும் கடலும் யாருக்குச் சொந்தம், நடப்பதற்கு ஏன் சீட்டு வாங்க வேண்டும், காசுள்ளவனுக்கு மட்டுமா காற்று என்பது அவள் வாதம். பாலையோ குறிஞ்சியோ போல இயற்கை தந்த நிலமாக இருந்தால் நானும் அவள் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் இங்கே நாம் கால் வைப்பது யாரோ கட்டிய, ஒவ்வோர் ஆண்டும் யாரோ திருப்பிக் கட்டுகிற சுவரின் தலையில். நிரந்தரமாக வசிப்பவர்கள் ஐந்து ஊர்களிலும் சேர்த்து நாலாயிரம் பேர்கூட இல்லை. வந்து போகிறவர்கள் ஆண்டுக்குப் பல லட்சம் பேர். அத்தனை கால்களின் தேய்மானத்தையும் அந்தச் சிறு கூட்டமே சுமக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் கேட்பது? லா ஸ்பெட்ஸியா துறைமுகத்தில் இறங்கி, சில மணி நேரம் நடைமேடைகளை நிறைத்து, கப்பலிலேயே சாப்பாடு இருப்பதால் ஒரு காப்பிகூடக் குடிக்காமல் திரும்பும் பெருங்கூட்டத்திடம் இன்னும் அதிகமாகவே வாங்கலாம் என்பது என் எண்ணம்.

அதே நேரத்தில் அவள் சொன்ன ஒரு விஷயத்தை மறுக்க முடியவில்லை. வாங்கும் பணம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. புகழ்பெற்ற அந்தச் சிறு பாதைக்கு வலையும் கம்பியும் போட்டு அழகுபடுத்துவது கண்ணுக்குத் தெரியும் வேலை. மேலே புதருக்குள் சரியும் சுவரை நிமிர்த்துவது யார் கண்ணிலும் படாத வேலை. அதைச் செய்யத் தெரிந்த கைகளும் குறைந்துவருகின்றன. சீட்டுப் பணத்தில் பெரும்பங்கு சுவர் கட்டுகிறவர்களின் கூலிக்கும், கைவிட்ட படியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட முன்வரும் இளைஞர்களுக்கும் போக வேண்டும். அதைப் பூங்கா நிர்வாகம் சீட்டின் மேலேயே அச்சிட்டுச் சொன்னால் வாங்குகிறவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தோழி கோபித்துக்கொள்வாள். பெஸ்தோ பிறந்த வட்டாரம் இது. துளசிக்கு உறவான இலையைப் பைன் பருப்பும் பூண்டும் பாலாடைக்கட்டியும் எண்ணெயும் சேர்த்து அரைக்கும் அந்தத் துவையலை ஒருமுறை இங்கே சாப்பிட்டவர்கள் புட்டியில் அடைத்ததை மறுபடி தொடுவது கடினம். ஃபரினாத்தா என்பது கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றை மட்டும் கலந்து அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டது. சைவம் மட்டும் உண்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான உணவு அங்கே கிடையாது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். ஏப்ரல் அல்லது அக்டோபரில் போங்கள், மழை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள், ஏனென்றால் எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். ஓரிரவாவது தங்குங்கள், மாலை ரயில்களில் கூட்டம் வடிந்த பிறகுதான் ஊர்க்காரர்கள் தெருவுக்கு வந்து பேசத் தொடங்குகிறார்கள். குடியிருப்புகளெல்லாம் வாடகை அறைகளாக மாறிவிடும் சிக்கல் அங்கேயும் இருப்பதால், வீட்டுக்காரர் அதே ஊரில் வசிக்கும் அறையாகப் பார்த்து எடுப்பது நல்லது. ரப்பர்ச் செருப்போடு மலைப்பாதையில் ஏறாதீர்கள். பொருத்தமற்ற காலணிக்கு 50 யூரோவில் தொடங்கி 2500 யூரோ வரை அபராதம் உண்டு, அது முற்றிலும் சரி.

என் தோழி இன்னும் கட்டண விஷயத்தில் இறங்கி வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் குரல்செய்தியில் வாதாடிக்கொண்டிருக்கிறாள்: சுவருக்கு என்று கேட்டால் இருபது யூரோகூடத் தருவாளாம், 'காதலர் பாதை'க்கு என்றால் பத்து காசு தர மாட்டாளாம். பூங்காவுக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன். இத்தாலிய மொழியில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.