'இறைவா உமக்கே புகழ்' திருமடலின் 23ஆம் பத்தியையும் 188ஆம் பத்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்

'காலநிலை மாற்றம் விசுவாசக் கோட்பாடு இல்லை, அதனால் கத்தோலிக்கர் அதைக் கண்டுகொள்ளத் தேவையில்லை' என்று வாதிடுகிறது ஒரு கட்டுரை; அதற்கான மறுமொழி இது. முன்பாதி சரி. பின்பாதிதான் இடறுகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலின் 188ஆம் பத்தி, அறிவியல் கேள்விகளைத் தீர்த்துவைக்கத் திருச்சபை முனைவதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அதே மடலின் 23ஆம் பத்தியோ, புவி வெப்பமடைவது பற்றி அறிவியலாளரிடையே மிக உறுதியான கருத்தொற்றுமை இருப்பதை ஏற்றுக்கொண்டே பேசுகிறது. இதில் முரண் எதுவும் இல்லை. அளவிடும் வேலையை அறிவியலாளரிடம் விட்டுவிட்டு, அந்த அளவுகளால் யார் துன்பப்படுகிறார்கள், யார் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கிறது மடல்.

அந்த மடலின் தொடர்ச்சியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபர் 4இல் வெளியிட்ட 'லௌதாத்தே தேயும்' என்ற ஊக்கவுரை இன்னும் நேரடியானது. காற்றில் கரியமில வாயு 19ஆம் நூற்றாண்டு வரை பத்து லட்சத்தில் 300 பங்குக்குக் கீழே இருந்தது, 2023 ஜூனில் 423ஐத் தொட்டது என்று எண்ணோடு எழுதுகிறார். திருச்சபைக்குள்ளேயே அலட்சியமான கருத்துகள் உலவுவதால்தான் இதை விளக்க நேர்ந்தது என்கிறது அதன் 14ஆம் பத்தி. கட்டுரையாளர் அவசியம் படிக்க வேண்டிய இடம் அது.

அறிவியலை அறிவியலாளரிடமே திருச்சபை விடுகிறது என்பதற்கு இன்னொரு சான்று: வத்திக்கானின் அறிவியல் அமைப்பான பாப்பிறை அறிவியல் கழகத்தில் உறுப்பினராகக் கத்தோலிக்கராய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது, ஆய்வுத் தகுதியைத்தான் பார்க்கிறார்கள்.