பெயர் தாமதமாக வந்த தேரைகள்

தான்சானியாவின் மலைக்காடுகளில் வாழும் மூன்று தேரை இனங்களுக்கு 2025இல்தான் தனித்தனிப் பெயர்கள் கிடைத்தன. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல், தாயின் வயிற்றுக்குள்ளேயே முழு உருவம் பெற்றுக் குட்டிகளாகப் பிறக்கும் தேரைகள் இவை. பலரும் இந்த அதிசயத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கோ வேறொரு செய்தி பெரிதாகப் படுகிறது. 1905இல் விவரிக்கப்பட்ட ஒரே இனம்தான் பல மலைகளிலும் பரவியிருக்கிறது என்று நூறாண்டுகளுக்கும் மேலாக நம்பியிருந்தோம். அருங்காட்சியகங்களில் கிடந்த பழைய மாதிரிகளின் மரபணுவைப் படித்தபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது. பரவலான ஓர் இனம் என்று எண்ணிக் கவலையற்று இருந்த இடத்தில், ஒவ்வொன்றும் சிறு மலைப்பகுதியை மட்டுமே நம்பி வாழும் பல இனங்கள் இருக்கின்றன.

வாழிடம் குறுகியது என்பதன் பொருளை உணர இதே நாட்டின் கிஹான்சி பள்ளத்தாக்கைப் பார்த்தால் போதும். அங்கே அருவியின் சாரல் நனைக்கும் ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர் நிலத்தில், 1996இல் கடுகு மஞ்சள் நிறத் தேரை ஒன்று கண்டறியப்பட்டது. மூன்று சென்டிமீட்டரைக்கூட எட்டாத அதன் தாயின் வயிற்றுத்தோல் வழியே உள்ளிருக்கும் குட்டிகளைக் கண்ணால் காணலாம். ஆனால் அந்த ஆற்றில் நீர்மின் திட்டப் பணி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2000இல் நீரின் பெரும்பகுதி திருப்பிவிடப்பட்டதும் சாரல் வற்றியது. செயற்கைத் தெளிப்பான்களை அமைத்தும், பூஞ்சை நோயும் சேர்ந்துகொள்ள, 2003இல் அந்த இனம் சரிந்தது. 2009இல் அது இயற்கையில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்த ஏறத்தாழ 500 தேரைகளின் வழித்தோன்றல்கள் உயிர்க்காட்சிச்சாலைகளில் பிழைத்திருந்ததால்தான், 2012 முதல் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து விட முடிந்தது. எல்லா இனத்துக்கும் இப்படியொரு மறுவாய்ப்பு வாய்ப்பதில்லை.

இரண்டு ஹெக்டேருக்காக மின்சாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பவர்களின் கேள்வியை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன், மின்சாரம் தேவைதான். ஆனால் அங்கே என்ன வாழ்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டிருந்தால், சாரலுக்குரிய நீரை ஒதுக்கியே திட்டத்தை வரைந்திருக்கலாம் என்றே நான் எண்ணுகிறேன். புதிய மூன்று இனங்களுள் ஒன்று, உட்சுங்வா மலைத்தொடரின் லுஹொமேரோ பகுதியின் பெயரையே தாங்கியிருக்கிறது. அந்த மலையில் அது இன்று எங்கெங்கே, எத்தனை வாழ்கிறது என்ற கணக்கெடுப்பு, அடுத்த திட்டத்தின் வரைபடத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.