அப்பளக் கடை ஐந்தொகை

(கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கடை, ஆனி மாதக் கடைசி. கல்லாவில் இருப்பவர் அத்தான். முக்காலியில் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டுபவர், அம்பாசமுத்திரத்தில் கணக்கு எழுதும் அவருடைய மைத்துனர். வீட்டில் இருவரும் வேறு விதமாகப் பேசுவார்கள். பணத்தைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் இலக்கணம் தவறாமல் பேசுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.)

அத்தான்: மாப்பிள்ளை, மூன்று வருடமாக மாதம் ஆயிரம் பாக்கெட்டோடு வியாபாரம் நின்றுவிட்டது. ஆகையால் குற்றாலச் சாரலுக்கு வருகிற கூட்டத்தை நம்பித் தென்காசிச் சாலையில் இன்னொரு கடை திறந்து, பத்துப் பாக்கெட் வாங்கினால் ஒன்று இலவசம் என்று பெரிய பலகையும் மாட்டிவிடத் தீர்மானித்திருக்கிறேன்.

மாப்பிள்ளை: அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவன் சூடான பஜ்ஜியை விட்டுவிட்டுப் பொரிக்காத அப்பளத்தை எதற்கு வாங்குவான்? அந்தச் சாரலில் அப்பளத்தை நமத்துப் போகாமல் எப்படி வைத்திருப்பீர்கள்? அது கிடக்கட்டும், ஒரு பாக்கெட்டின் அடக்க விலை என்ன?

அத்தான்: உளுந்து மாவு, அப்பளக்காரம், பிரண்டைச் சாறு, எண்ணெய், இடுகிற பெண்களுக்குக் கூலி, உறை எல்லாம் சேர்த்து 80 ரூபாய். விற்பது 100 ரூபாய்.

மாப்பிள்ளை: பத்துப் பாக்கெட் விற்றால் 200 ரூபாய் நிற்கிறது. பதினொன்றாவதை இலவசமாகக் கொடுத்தால் அதன் அடக்கம் 80 ரூபாய் கழிந்து 120 ரூபாய்தான் நிற்கும். இன்றைக்கு மூன்று பேரிடம் கிடைக்கிற 600 ரூபாய்க்கு அன்றைக்கு ஐந்து பேர் வர வேண்டும்.

அத்தான்: இலவசம் என்றால் ஐந்து பேர் வரமாட்டார்களா?

மாப்பிள்ளை: தாராளமாக வருவார்கள். நீங்களும் ஐம்பத்தைந்து பாக்கெட் அப்பளத்தை இட்டு, காயவைத்து, எண்ணி அடுக்கி, முப்பது பாக்கெட்டுக்கு உரிய லாபத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். அதைவிட விலையை 5 ரூபாய் ஏற்றுங்கள்.

அத்தான்: (வாசலை எட்டிப் பார்த்து) மெதுவாகப் பேசும்! எதிர்க் கடைக்காரருக்குக் காது கூர்மை.

மாப்பிள்ளை: 20 ரூபாய் நின்ற இடத்தில் 25 ரூபாய் நிற்கும். நூறு பேரில் இருபது பேர் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனாலும், மீதி எண்பது பேரிடம் அதே 2,000 ரூபாய் கிடைத்துவிடும். இருபது பாக்கெட்டுக்கு மாவு இடிக்கிற வேலையும் மிச்சம்.

அத்தான்: கோபித்துக்கொள்ளப் போகிற இருபது பேரும் உம் அக்காளின் சொந்தக்காரர்கள்.

மாப்பிள்ளை: அவர்கள் பெயருக்கு நேரே வரவு என்று பேரேட்டில் ஓர் எழுத்தும் இல்லையே. அவர்கள் போனால் அது தனி லாபம்.

அத்தான்: சரி, ஜி.எஸ்.டி. கூடிவிட்டது என்று சொல்லி ஏற்றிவிடுகிறேன்.

மாப்பிள்ளை: அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் நீங்கள் வாங்குகிற பிளாஸ்டிக் உறைக்கு உண்டு. விற்கிற சரக்குக்கு வரி இல்லாததால் அந்த வரியை நீங்கள் திரும்ப எடுக்கவும் முடியாது. அது இந்த 80 ரூபாய்க்குள் சேர்ந்திருக்கிறதா?

அத்தான்: சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளை: நம்பிக்கையை நெல்லையப்பரிடம் வையுங்கள், என்னிடம் ரசீதைக் காட்டுங்கள். இது என்ன, கல்யாணச் சமையல் செய்கிற தவசிப்பிள்ளை கணக்கில் 50,000 ரூபாய் நிற்கிறது?

அத்தான்: பங்குனி முகூர்த்தங்களுக்கு 500 பாக்கெட் எடுத்துப் போனார். நம் கடையிலேயே பெரிய வாடிக்கையாளர் அவர்தாம்.

மாப்பிள்ளை: அவ்வளவு பணம் வெளியே கிடக்கும்போது உளுந்து வாங்க என்ன செய்தீர்கள்?

அத்தான்: (குரலைத் தாழ்த்தி) உம் அக்காளின் வளையலை இரண்டு ரூபாய் வட்டிக்கு வைத்து 50,000 வாங்கினேன்.

மாப்பிள்ளை: மாதம் 1,000 ரூபாய் வட்டி! ஐம்பது பாக்கெட் லாபம் அதற்கே போய்விடுகிறது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ என் அக்காளின் வளையல் மாதாமாதம் மொய் எழுதிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தென்காசிச் சாலையில் பலகை மாட்டப் போகிறீர்கள்.

(செல்போன் ஒலிக்கிறது.)

அத்தான்: வணக்கம், வணக்கம். ஆவணி முகூர்த்தத்துக்கு 500 பாக்கெட்டா? தந்துவிடலாம். ஆனால் பாருங்கள், விலை இப்போது... (கண்ணை மூடிக்கொண்டு) 105 ரூபாய். ஆகட்டும். ஆகட்டும், நல்லது. (போனை வைக்கிறார்.) மாப்பிள்ளை, மனிதர் மறுபேச்சே பேசவில்லை! 110 என்று சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார். உம்முடைய பேச்சைக் கேட்டு எனக்கு 2,500 ரூபாய் நட்டம்.

மாப்பிள்ளை: முன்பணம் கேட்டீர்களா?

அத்தான்: நல்ல காரியத்துக்கு வாங்குகிறவரிடம் அதை எப்படிக் கேட்பது? ஆனால் நான் கேட்காமலே, பங்குனி பாக்கியையும் சேர்த்து ஆவணியில் தந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை: எந்த வருடத்து ஆவணி என்று சொன்னாரா?